மூக்கில் கொஞ்சம் கனம்

பேரவைத் தலைவர் பர்வீன் வாயைத் திறந்தபடியே அந்த விமானத்தைப் பார்த்துவிட்டார்.

கடைவாய்ப்பல்லைக் குடைந்துகொண்டிருந்த டாக்டர் பெனிட்டாவுக்கு அது உடனே தெரியவில்லை. நாற்காலியில் படுத்திருப்பவரின் கண்கள் ஒரே பக்கம் நிலைத்திருப்பதைக் கவனித்துத் திரும்பினாள். கை கழுவும் தொட்டிக்கு மேலே, வெள்ளை டைல்ஸில், காலையில் அவள் மெழுகுப் பென்சிலால் வரைந்த நேட் என்ற பழைய போர் விமானம் துடைக்கப்படாமல் இருந்தது. குட்டையான இறக்கை, குண்டு உடம்பு, நிமிர்ந்த வால்.

பெனிட்டா கருவியை நிறுத்தினாள். பர்வீனின் வாயில் பஞ்சு. விரலை நீட்டிச் சுவரைக் காட்டினார்.

"பறவை, அக்கா."

பர்வீன் மெதுவாகத் தலையாட்டினார். இல்லை என்று.

புதுவாக்கத்தில் அது குற்றம். பூமியிலிருந்து கிளம்பும்போதே குடியேறிகள் ஒரு விதி செய்துகொண்டார்கள். போரில் ஒருமுறையாவது பயன்பட்ட எதுவும் கூட வரக்கூடாது. பொருள் மட்டுமல்ல, அதன் படமும் விவரமும்கூட. ஆவணக் களஞ்சியத்தைச் சலிக்கும் வேலையை ஒரு இயந்திரத்திடம் கொடுத்தார்கள். இயந்திரம் ஒழுங்காக வேலை செய்தது. துப்பாக்கி போனது, பீரங்கி போனது. அதன் பின்னால் விமானம், குதிரை, சைக்கிள், முள்கம்பி, உணவை டப்பாவில் அடைக்கும் முறை, சில வகை முடிச்சுகள் எல்லாம் போயின. உடைந்த தாடையைச் சேர்த்துக் கட்டும் அத்தியாயம் பல் மருத்துவப் புத்தகத்திலிருந்து காணாமல் போயிருந்தது. அதுவும் போர்க்களத்தில் கற்றதுதான். ரேடியோவைக் காப்பாற்றத் தனி வாக்கெடுப்பு நடத்த வேண்டியிருந்தது. களஞ்சியத்தில் இல்லாததைப் பேசுவதில்லை, வரைவதில்லை, இங்கே பிறக்கும் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை என்று கப்பலில் ஏறுமுன் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். சைக்கிளுக்கும் காருக்கும் பிற்பாடு விலக்கு கிடைத்தது.

சத்தியம் செய்தபோது பெனிட்டாவுக்கு வயது பதினொன்று. ஆவடியில் அவளும் அண்ணன் ஸ்டான்லியும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி விமானம் செய்வார்கள். அட்டைப்பெட்டிக்குள் துண்டுகள், பசை, ஒட்டும் வரிசை அச்சிட்ட தாள். கூரை முழுக்க நூலில் விமானங்கள் தொங்கின. ஸ்டான்லி கப்பலில் ஏறவில்லை. விமானங்களும் ஏறவில்லை. அவற்றின் வளைவுகள் மட்டும் அவள் கையில் இருந்தன.

அவள் வரைவதற்கு ஒரு முறை வைத்திருந்தாள். முதலில் முழுதாக வரைவாள். பிறகு ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துப்பாக்கிகளையும் குண்டுகளையும் துடைப்பாள். மிச்சத்தைக் கொஞ்ச நேரம் பார்ப்பாள். நோயாளி வருமுன் அதையும் துடைத்துவிடுவாள். அவை அழகாக இருந்தன. அவளுக்குச் சங்கடம் அதுதான்.

பல்லை அடைத்து முடித்ததும் பர்வீன் எழுந்து உட்கார்ந்து துப்பினார்.

"எத்தன வருஷமா இது?"

"எது, பல்லா?"

"பெனிட்டா."

"கப்பல்லேர்ந்தே."

பர்வீன் சுவரருகே போய் நின்றார். அவருக்கு எழுபது வயது. சத்தியம் செய்தபோது கல்லூரி முடித்திருந்தவர். விமானத்தின் வாலை விரலால் தொட்டார். மெழுகு விரலில் ஒட்டிக்கொண்டது.

"இந்த மாதிரி ஒண்ணு பிளவைத் தாண்டுமா?"

அந்தக் கேள்வியோடுதான் பெனிட்டா ஒரு மாதமாக எழுந்து, சாப்பிட்டு, பல் பிடுங்கி, படுத்துக்கொண்டிருந்தாள்.

பிளவு என்பது புதுவாக்கத்துக்கு மேற்கே தரையைப் பிளந்ததுபோல் கிடந்த பள்ளம். அதற்கு அப்பால் அக்கரை முகாம். தாது வெட்டும் இடம், அறுபதுபேர் போல. நடுவில் இருந்த பாலம் நிலநடுக்கத்தில் விழுந்துவிட்டது. கீழே இறங்கிப் போக முடியாது. அடியில் கந்தகப் புகை. சுற்றிப் போக வழியில்லை. பலூன் விட்டார்கள், பிளவின் காற்று அதைச் சுவரில் அடித்துக் கிழித்தது. பட்டம் விட்டார்கள். கல்லெறிய மரத்தில் நீண்ட கை செய்து, கயிறு கட்டிய கல்லை வீசினார்கள். கல் மூன்றில் ஒரு பங்கு தூரம் போய் விழுந்தது. அக்கரையில் தண்ணீர் ஊறும், சோறு விளையாது. சோறு பாலத்தின் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

பெனிட்டாவின் மகள் அருளினி அக்கரையில் இருந்தாள்.

"நேட் வேணாம்," என்றாள் பெனிட்டா. "அதுக்கு நீளமான ஓடுபாதை வேணும். வேற ஒண்ணு இருக்கு."

பேரவை கூடி ஒரு படத்துக்கு மட்டும் விலக்கு கொடுத்தது. கூட்டம் சீக்கிரம் முடிந்தது. வயதானவர்கள் யாரும் கேள்வி கேட்கவில்லை.

*

படத்தைக் கட்டித்தர வேண்டிய ஆள் பொறியாளர் இசக்கி. புதுவாக்கத்தில் பிறந்தவன். முப்பது வயதுக்குள் இரண்டு பாலம், ஒரு கம்ப்ரஸர் நிலையம், பள்ளிக்கூடத்துக் கூரை என்று ஊரில் பாதியைக் கட்டியவன். விழுந்த பாலம் அவன் கட்டியது அல்ல. ஆனாலும் அவன் முகம் தன்னுடையது விழுந்ததுபோல இருந்தது.

பெனிட்டா ஏரகோப்ரா என்ற விமானத்தை வரைந்தாள். ஒரே ஆள் ஓட்டுவது. மூன்று சக்கரம், கரடுமுரடான தரையிலும் இறங்கும். பக்கத்தில் காருக்கு இருப்பதுபோல் கைப்பிடி வைத்த கதவு.

"விமானத்துக்குக் கார் கதவா?" இசக்கி சிரித்தான். "கண்ணாடி கீழ இறங்குமா?"

"இறங்கும்."

"ஏறி உக்காந்து கையை வெளிய தொங்கப்போட்டுட்டுப் போகலாம்."

"அப்படித்தான் எங்கண்ணனும் சொல்வான்."

"பேரு என்ன சொன்னீங்க?"

"ஏரகோப்ரா. கோப்ரான்னா நாகப்பாம்பு."

"பாம்பு படம் பாத்திருக்கேன். அதுக்கு விஷமில்ல இருக்கும்? ஆளைத் தூக்கிட்டுப் போற வண்டிக்கு அந்தப் பேரை ஏன் வெச்சாங்க?"

"வெச்சது நானில்ல, இசக்கி."

அவன் பென்சிலை எடுத்து நடுவில் தட்டினான். "மோட்டாரை ஓட்டுறவன் முதுகுக்குப் பின்னால போட்டிருக்கீங்க. விசிறி முன்னால இருக்கு."

"ஆமா. நடுவுல நீளமா ஒரு தண்டு போகும். ஓட்டுறவன் காலுக்கு நடுவால."

"எதுக்கு இவ்வளவு சுத்து?"

"அப்படித்தான் இருந்துச்சு."

அவன் அதோடு விட்டுவிட்டான். இறக்கையில் இருந்த துப்பாக்கிகளை அவள் வீட்டிலேயே துடைத்துவிட்டு வந்திருந்தாள். மூக்கின் மேலிருந்த இரண்டையும். விசிறியின் நடுக்குமிழை வரைந்தபோது கை தன் பழக்கத்தில் அதன் நுனியில் ஒரு சின்ன வட்டம் போட்டது. ஆவடியில் அந்த ஓட்டையை ஸ்டான்லி குண்டூசியைச் சூடாக்கிக் குத்திப் போடுவான். அது துப்பாக்கியின் பாகம் என்று அவள் கைக்குத் தெரிந்திருக்கவில்லை. விசிறியின் பாகம் என்றே நினைத்திருந்தது. அவளும் கவனிக்கவில்லை.

இசக்கி ஓர் ஆள் நீளத்துக்கு மாதிரி செய்தான். தரையில் வைத்ததும் அது வாலில் உட்கார்ந்தது. முன்சக்கரம் அந்தரத்தில் நின்றது.

"மூக்குல கொஞ்சம் கனம் வைங்க," என்றாள் பெனிட்டா.

அவள் அதை எதிர்பார்த்திருந்தாள். அட்டைப்பெட்டித் தாளிலேயே எழுதியிருக்கும்: மூடுவதற்கு முன் மூக்கில் கனம் வைக்கவும். ஸ்டான்லி தூண்டில் ஈயத்தைக் களிமண்ணில் பொதிந்து வைப்பான்.

இசக்கி ஒரு பை மணல் வைத்தான். மாதிரி நேராக நின்றது. கம்ப்ரஸர் நிலையத்துக்குப் பின்னால் இருந்த மேட்டிலிருந்து பறக்கவிட்டார்கள். அழகாகப் போனது. இரண்டாவது முறை பையில் ஓட்டை விழுந்து மணல் வழியிலேயே கொட்டிவிட்டது. மாதிரி மூக்கைத் தூக்கி, அப்படியே தட்டையாகச் சுழன்று, தட்டு விழுவதுபோல் விழுந்தது.

இசக்கி உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வந்து மேசையில் பரப்பினான்.

*

மறுநாள் மத்தியானம் கிளினிக்குக்கு வந்தான். பல் வலி இல்லை. நோயாளி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

"டாக்டர், ஒரு சந்தேகம். மணலை வெட்டியா சுமந்துட்டு யாராவது பறப்பாங்களா?"

"மணல் இல்ல. சுமை வைப்பாங்க."

"என்ன சுமை?"

"தபால்."

"சரி. தபாலைக் கொண்டுபோய் இறக்கிட்டுத் திரும்பணும். திரும்பும்போது மூக்கு காலி. நேத்து மாதிரி சுத்திக்கிட்டு விழணும். விழுந்துச்சா?"

"சில சமயம் விழுந்துச்சு," என்றாள் பெனிட்டா. சொன்னது உண்மை. அது வாயிலிருந்து போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"அப்போ வழியிலயே சுமை குறையுது."

அவள் கையுறையைக் கழற்றினாள்.

"இறங்கும்போது குறையல. பறக்கும்போதே குறையுது." அவன் கூரையைப் பார்த்துக்கொண்டு பேசினான், யாரிடமோ கணக்கு ஒப்பிப்பதுபோல. "விசிறிக் குமிழ்ல ஒரு ஓட்டை போட்டிருக்கீங்க. அது எதுக்கு?"

"காத்து போறதுக்கு. மோட்டார் சூடாகும்."

"மோட்டார்தான் பின்னால இருக்கே."

"இசக்கி, எனக்குப் பொறியியல் தெரியாது. பாத்ததை வரைஞ்சேன்."

"தெரியும். அதனாலதான் நம்புறேன். ஓட்டை நடு அச்சுல இருக்கு. அதுக்கு இடம் விடத்தான் மோட்டாரைப் பின்னால தள்ளியிருக்காங்க, தண்டைக் கீழ இறக்கியிருக்காங்க. முழு விமானமும் அந்த ஓட்டையைச் சுத்திக் கட்டினது. உள்ள வர்றதுக்கா அது, வெளிய போறதுக்கா?"

பெனிட்டா தொட்டிக் குழாயைத் திறந்து கை கழுவினாள். கை ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"வெளிய போறதுக்கு," என்றான் அவனே. "ஒரு குழாய். அதுக்குள்ளேர்ந்து கனமா ஏதோ ஒண்ணு ஒவ்வொண்ணா முன்னால போகுது. வேகமா போகணும். விமானத்தைவிட வேகமா. இல்லேன்னா இவனே போய் அதுல மோதிக்குவான்." அவன் எழுந்து உட்கார்ந்தான். முகத்தில் ஒரு கள்ளமும் இல்லை. கணக்கு விடை வந்த சந்தோஷம் மட்டும் இருந்தது. "டாக்டர், விமானத்தை விடுங்க. விமானம் எதுக்கு நமக்கு?"

"அக்கரைக்குச் சோறு போகணும்."

"கயிறு போனா போதும். ஒரு மெல்லிய கயிறு. அதைப் பிடிச்சு அவங்க பெரிய கயிறை இழுத்துக்குவாங்க. எனக்கு அந்தக் குழாய் மட்டும் போதும். காத்தை அழுத்தித் தள்ள கம்ப்ரஸர் இருக்கு, இரும்பு இருக்கு. விமானம் கட்ட ஆறு மாசம் ஆகும். குழாய்ன்னா ரெண்டு வாரம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க, அது நடந்துச்சா? அந்த ஓட்டை வழியா போனது எவ்வளவு தூரம் போச்சு? பிளவைத் தாண்டுமா? தாண்டாதுன்னா இருக்கிற இரும்பை வீணாக்க மாட்டேன். விமானத்தையே கட்டுறேன்."

"என்ன போச்சுன்னு கேக்க மாட்டியா?"

"கல்லோ இரும்போ. என்னவா இருந்தா என்ன?"

எதற்குப் போனது என்றும் அவன் கேட்கவில்லை. அந்தக் கேள்வி இருப்பதே அவனுக்குத் தெரியவில்லை. அப்படித் தெரியாத ஒரு தலைமுறைக்காகத்தான் ஒரு கப்பல் அவ்வளவு தூரம் வந்தது.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள் பெனிட்டா.

*

அக்கரைக்கு ரேடியோ பேச ஆளுக்குக் கொஞ்ச நேரம் கொடுத்தார்கள். பெனிட்டாவின் முறை மாலையில் வந்தது.

"அம்மா, பல்லு டாக்டர் பொண்ணுன்னு சொன்னா சிரிக்கிறாங்க. மெல்ல எதுவும் இல்லாத ஊர்ல பல்லு எதுக்குன்னு."

"என்ன சாப்பிட்ட?"

"இங்க விதைச்சுப் பாக்கலாம்னு வெச்சிருந்த சோளம். அவிச்சோம். நல்லாத்தான் இருந்துச்சு."

"அது தீந்தா?"

"தீரட்டும், பாக்கலாம். அம்மா, மாசிலாமணி மாமா போயிட்டாரு."

மாசிலாமணிக்குப் பெனிட்டா மேல்வரிசைப் பல்செட் செய்து கொடுத்திருந்தாள்.

"அவர் பங்கை ரொம்ப நாளாவே பசங்களுக்குக் கொடுத்துட்டிருந்திருக்காரு. எங்களுக்குத் தெரியல. சாப்பிட்டேன் சாப்பிட்டேன்னு சொல்லிட்டே இருந்தாரு." ரேடியோ கரகரத்தது. "விமானம் எப்படி இருக்கு? நிஜமாவே கார் கதவா?"

"கார் கதவுதான்."

"நான்தான் முதல்ல ஏறுவேன், சொல்லிட்டேன். கண்ணாடியை இறக்கிக் கையை வெளிய போட்டுட்டு வருவேன்."

"எல்லாரும் இதையே சொல்றீங்க."

"சீக்கிரம்மா," என்றாள் அருளினி. அவள் அதுவரை அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

மறுநாள் காலை பெனிட்டா பட்டறைக்குப் போனாள். இசக்கி விமானத்தின் இறக்கைக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தான்.

"தாண்டும்," என்றாள். "பிளவை மாதிரி பத்து மடங்கு தாண்டும்."

அவன் அளவுகோலைக் கீழே வைத்தான். அவள் வேறொன்றும் சொல்லவில்லை. வேறொன்றும் தேவைப்படவில்லை. முடியும் என்று தெரிந்ததே அவனுக்குப் போதுமாக இருந்தது.

*

பிளவின் விளிம்பில் குழாயை நிறுத்தினார்கள். இரண்டு ஆள் நீளம், நான்கு இரும்புக்கால்கள், பின்னால் கம்ப்ரஸர். இசக்கி அதைத் திருப்பித் திருப்பி அக்கரை முகாமுக்கு நேராகக் குறிபார்த்தான். குறிபார்ப்பது எப்படி என்று அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. ஒரு கண்ணைத் தானாக மூடிக்கொண்டான்.

ஊர் முழுக்க வந்திருந்தது. இளையவர்கள் குழாயைச் சுற்றி நின்றார்கள். வயதானவர்கள் எல்லோரும் பின்னால், அதன் பின்பக்கமாக நின்றார்கள். பெனிட்டா அதைக் கவனித்தாள்.

பர்வீன் அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"எப்படியோ கொண்டுவந்துட்ட."

"நான் துடைச்சுட்டுத்தான் கொடுத்தேன், அக்கா. அவனா கண்டுபிடிச்சான்."

"உன்னைக் குத்தம் சொல்லல."

"உங்களுக்குத் தெரியுமா? இது போதும்னு?"

பர்வீன் முக்காட்டைச் சரிசெய்தார். "பாலம் விழுந்த அன்னைக்கே தெரியும். எனக்கு மட்டுமா? இங்க நரைச்ச தலை எல்லாத்துக்கும் தெரியும். நீ ஒருத்திதான் சுத்தி வளைச்சு விமானம் வரைக்கும் போன."

"யாரும் சொல்லலையே."

"நீ மொதல்ல சொல்லுவியா, நான் மொதல்ல சொல்லுவனான்னு பாத்துட்டிருந்தோம்."

"மாசிலாமணி செத்துட்டாரு."

"தெரியும்," என்றார் பர்வீன். "அவரும் சத்தியம் பண்ணவர்தான். அக்கரையில அவருக்கும் இது தெரியும். ரேடியோவுல ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேக்கல."

இசக்கி கையை உயர்த்தினான். குழாயின் சத்தம் பெரிதாக இருந்தது. இளையவர்கள் கைதட்டினார்கள். பின்னால் நின்றவர்களில் இரண்டு மூன்று பேர் தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். இரும்புத் துண்டு வெள்ளைக் கயிறை இழுத்துக்கொண்டு பிளவின் மேல் வளைந்து போய் அக்கரைத் தரையில் புதைந்தது. போகிற வழியில் அது உரசி, முகாமின் தண்ணீர்த் தொட்டியில் ஒரு மூலை பெயர்ந்துபோனது. யாருக்கும் அடியில்லை.

அன்றிரவுக்குள் அக்கரைக்கு அரிசி போனது.

*

ஒரு மாதத்தில் கயிற்றுப்பாலம் வந்தது. அருளினி அதன் வழியாக நடந்து வந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். பத்து நாள் சாப்பிட்டுத் தூங்கி, பாட்டுப் பாடி, திரும்ப அக்கரைக்கே போனாள். அங்கே வேலை இருந்தது. முகாமுக்கு அவளைப் பேரவை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

குழாய் விளிம்பிலேயே நின்றது. பாலம் அறுந்தால் மறுபடி தேவைப்படும் என்று பேரவை முடிவு செய்தது. நகர்த்துவதும் சிரமம். யாரும் அதற்கு வேறு பெயர் வைக்கவில்லை. இசக்கி மறுபடி ஒட்டிவைத்திருந்த விமான மாதிரியைப் பள்ளிக்கூடத்துக்குக் கேட்டார்கள். விலக்கு ஒரு படத்துக்குத்தான், பொருளுக்கு இல்லை என்று பேரவை அதை உடைக்கச் சொல்லிவிட்டது. இசக்கியே உடைத்தான்.

மழைக்காலத்துக்குமுன் அருளினி, ஊராரும் வாக்களிக்கும் பேரவைக் கூட்டத்துக்கு வந்தாள். மத்தியானம் வீட்டில் சாப்பிட்டாள். கன்னம் கொஞ்சம் தேறியிருந்தது. பெனிட்டா இரண்டாம் தடவை சோறு போட்டாள்.

"அம்மா, கூட்டத்துல ஒண்ணு கேக்கப்போறேன். நீ கையைத் தூக்கணும்."

"என்ன?"

"எங்களுக்கும் ஒரு குழாய் வேணும்."

பெனிட்டா கரண்டியைச் சட்டியில் வைத்தாள். "எதுக்குடி? பாலம்தான் இருக்கே."

"அறுந்தா?"

"அறுந்தா இங்கேர்ந்து கயிறு போடுவோம். அதுக்குத்தான் வெச்சிருக்கு."

"அதான். எப்பவும் நீங்கதான் போடணுமா?"

"நீங்க நாங்கன்னு எப்பலேர்ந்து பேச ஆரம்பிச்ச?"

அருளினி சிரித்தாள். "கோச்சுக்காத. காலைல எழுந்து வெளிய வந்தா அதுதான் கண்ணுல படுது. எங்களையே பாத்துட்டு நிக்குது. பசங்க தொட்டிப் பக்கம் விளையாடப் போக மாட்டேங்குதுங்க. வயசானவங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாங்க, ஆனா கட்டிலையெல்லாம் அந்தப் பக்கச் சுவர்லேர்ந்து நகத்திப் போட்டுட்டாங்க."

"அது வெறும் குழாய், அருளு. காத்து அடைச்சாத்தான் வேலை செய்யும்."

"தெரியும்மா. இசக்கி எல்லாம் சொன்னான். செஞ்சு தரேன்னும் சொல்லிட்டான். முகாம்ல பேசினோம், உங்களோடதைவிடக் கொஞ்சம் பெருசா இருந்தா நல்லதுன்னு எல்லாருக்கும் தோணுது."

"ஏன் பெருசா?"

அருளினி சோற்றைப் பிசைந்தாள். குழம்பு போதவில்லை என்று தட்டை முன்னால் தள்ளினாள்.

"கயிறு போடத்தாம்மா," என்றாள்.